மெல்லிய சோல் ஷூவுக்கு மாறுவது எப்படி? ஓடுபவர்களுக்கான முழு வழிகாட்டி

வெறுங்காலில் ஓடுவதுபோல உணரவைக்கும் மெல்லிய சோல் ஷூவைத்தான் பேர்ஃபுட் ஷூ என்கிறார்கள். அதைப் போட்டு ஓடும் முதல் நாள் ரொம்ப நன்றாக இருக்கும். கால் லேசாக இருக்கும், தரை தெரியும், வேகம் தானாக வரும், எங்கும் வலிக்காது. ஆபத்தே அங்கேதான். அதே உற்சாகத்தில் மறுநாள் 5 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 10 கி.மீ. என்று போனால், மூன்று நான்கு வாரத்தில் பாதத்தின் மேல்பக்கம் ஒரு புள்ளியில் வலிக்கத் தொடங்கும். அவசரப்பட்டு மாறியவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

ஓடிப் பழகியவருக்கு இதயமும் நுரையீரலும் தயாராக இருக்கின்றன. ஷூ மாறியதும் பாதமும் கெண்டைக்காலும் மட்டும் கற்றுக்குட்டி ஆகிவிடுகின்றன. தசை சில வாரங்களில் பலம் பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் நாணுக்கு மாதங்கள் வேண்டும். எலும்போ புதுச் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது, முதலில் பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அந்த இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். ஆகவே மாற்றத்தின் வேகத்தை உங்கள் மூச்சு தீர்மானிக்கக் கூடாது, பாத எலும்புதான் தீர்மானிக்க வேண்டும்.

வாரம் 20 கி.மீ.க்குக் குறையாமல் சாதாரண ஷூவில் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இனிமேல்தான் ஓடத் தொடங்கப்போகிறீர்கள் என்றால் இந்த ஷூவில் நடங்கள், ஓட்டத்தை வேறு ஷூவில் பழகுங்கள்.

எதை பேர்ஃபுட் ஷூ என்கிறோம்

கடையில் "பேர்ஃபுட்" என்ற பெயரில் விற்பதெல்லாம் அது இல்லை. 2015இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 நிபுணர்கள் சேர்ந்து இந்த வகை மெல்லிய ஷூக்களுக்கு ஒரு வரையறை செய்தார்கள். எடை, வளையும் தன்மை, சோலின் தடிமன், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், பாதத்தைத் தாங்கிப்பிடிக்கும் அமைப்புகள் ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்றார்கள்.

இந்த ஐந்தில் உங்கள் காலை அதிகம் பாதிப்பது அந்த உயர வித்தியாசம். ஓட்டக்காரர்கள் இதை 'டிராப்' என்பார்கள். வழக்கமான ஓட்ட ஷூவில் டிராப் 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். அதாவது வருடக்கணக்கில் உங்கள் குதிகால் ஒரு செ.மீ. மேட்டில் நின்றே ஓடியிருக்கிறது. டிராப் சைபரானால் குதிகால் அந்த அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் கூடுதலாக நீள வேண்டியிருக்கும். ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 1000 அடி வைக்கிறோம், அதில் ஒவ்வொரு காலுக்கும் 500. அந்த ஒரு செ.மீ. எவ்வளவு வேலை வாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிராப் சைபர் என்றாலே பேர்ஃபுட் ஷூ என்று நினைத்துவிடக் கூடாது. ஆல்ட்ரா நிறுவனத்தின் பெரும்பாலான ஷூக்களுக்கு டிராப் இல்லாவிட்டாலும் பலவற்றில் கீழே தடித்த ஃபோம் இருக்கிறது. என் கணக்கில் அது நல்ல இடைப்படி. குதிநாண் முதலில் பழகட்டும், பாதத்தின் முறை பிறகு வரட்டும். பட்ஜெட் இடம் கொடுத்தால் 10 மி.மீ. டிராப்பிலிருந்து 4 அல்லது 5க்கு வந்து, சில மாதம் கழித்து மெல்லிய சோலுக்குப் போவது இன்னும் பத்திரம்.

வாங்கும்போது

மாலையில் போய் வாங்குங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரலோ பெருவிரலோ ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் இருக்க வேண்டும். நீளமான விரல் பெருவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை, பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். பிறகு ஷூவைக் கையால் சுருட்டுங்கள், முறுக்குங்கள். எதிர்ப்பே இல்லாமல் மடங்கினால் சரக்கு உண்மை.

விப்ராமின் ஐந்து விரல் ஷூ, விவோபேர்ஃபுட், ஜீரோ ஷூஸ், மெரெலின் வேப்பர் குளோவ் ஆகியவை உலக அளவில் தெரிந்த பெயர்கள். ஐந்து விரல் ஷூவை மாட்டுவதற்கே தனிப் பொறுமை வேண்டும். அதிகாலையில் அரைத் தூக்கத்தில் சுண்டுவிரலை அதன் அறைக்குள் நுழைக்கப் பாடுபடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். முதல் ஜோடிக்கு விரல் பிரியாத சாதாரண வடிவமே போதும்.

விளம்பரத்துக்கும் ஆய்வுக்கும் நடுவே

2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் லீபர்மனும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறுங்காலில் ஓடியே வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வரும் அந்தத் திடீர் மோதல் அவர்களிடம் குறைவு என்றது அது. உலகம் முழுக்க மெல்லிய ஷூ மோகம் பரவியதற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம். ஆனால் காயம் குறையும் என்று அதில் நிரூபிக்கப்படவில்லை. 2013இல் வடக்கு கென்யாவின் தாசனெச் மக்களை ஆராய்ந்தபோது, வெறுங்காலிலேயே வாழும் அவர்களில் பெரும்பாலோர் நிதான ஓட்டத்தில் குதிகாலில்தான் இறங்கினார்கள். ஆக, 'இயற்கையான ஓட்டம் இப்படித்தான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து 2013இல் வந்தது. அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 19 பேரை 10 வாரத்தில் படிப்படியாக ஐந்து விரல் ஷூவுக்கு மாற்றி, முன்னும் பின்னும் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்கு ஏதாவது ஒரு பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்கோத்தல் அதிகரித்திருந்தது. எலும்பு தாங்கமுடியாமல் தவிப்பதற்கு அது அடையாளம். பழைய ஷூவில் தொடர்ந்தவர்களிடம் அது அரிதாகவே இருந்தது. இவர்கள் யாரும் கண்மூடித்தனமாகப் பாயவில்லை, சொல்லிக்கொடுத்தபடி மெல்லத்தான் மாறினார்கள். அதாவது 10 வாரம் போதவில்லை.

அடுத்த ஆண்டு, 2014இல், ஐந்து விரல் ஷூ பாதத்தைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்ற விளம்பரங்களை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை விப்ராம் நிறுவனம் 37.5 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளச் சம்மதித்தது.

அப்படியென்றால் மாறவே வேண்டாமா? முழங்கால் வலியோடு ஓடும் சிலருக்கு இதில் பலன் உண்டு, சுமை முழங்காலிலிருந்து கொஞ்சம் விலகுவதால். விலகிய சுமை மறைந்துபோவதில்லை, கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்குகிறது. உங்கள் பழைய காயம் குதிநாணில் என்றால் இது நஷ்டக் கணக்கு.

யாருக்கு வேண்டாம்

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த ஷூவும் வேண்டாம், வெறுங்கால் ஓட்டமும் வேண்டாம். இதில் பேரமே இல்லை. டாக்டர்கள் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடச் சொல்வதே பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பத்தான், நாம் பேசுவது அதற்கு நேர் எதிரான திசை. சர்க்கரை இருக்கிறது, ஆனால் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நீங்களாக முடிவு செய்யாமல், ஒரு பாதப் பரிசோதனை செய்துகொண்டு பிறகு யோசியுங்கள்.

முன்பு பாத எலும்பில் கீறல் விட்டவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், பெருவிரல் மடங்காதவர்கள் டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கு இந்த ஷூவில் காயம் கூடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது, அவர்கள் அளவை இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறதா? அது சரியாகும்வரை ஷூ டப்பாவிலேயே இருக்கட்டும். அடுத்த மூன்று மாதத்தில் மாரத்தானுக்குப் பணம் கட்டியிருப்பவர்களும் ஓடி முடித்துவிட்டு வரலாம்.

முதல் படி: கால் தயாரா என்று பாருங்கள்

ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல், குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குங்கள். சுவரை விரல் நுனியால் தொட்டுக்கொள்ளலாம். இடைவிடாமல் 20 முறை ஒவ்வொரு காலிலும் முடிய வேண்டும். வாரம் 40 கி.மீ. ஓடுபவர்கள் கூடப் பன்னிரண்டில் நின்றுவிடுவது உண்டு.

அடுத்து, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். தொட்டால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது. தரையில் குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது சுலபமாக வரும். வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஆபீஸ் நாற்காலியுமாகவே இருந்தவர்களுக்கு இழுக்கும்.

கடைசியாக, வெறுங்காலில் நின்று மற்ற விரல்கள் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் தூக்குங்கள். மூளை கட்டளை போட்டும் விரல் சும்மா இருக்கிறதென்றால் சிரித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: ஓடுவதற்கு முன் நான்கு வாரம்

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் "முதலில் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பழகுங்கள்" என்று தொடங்கும். நாம் பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்கிறோம். நமக்கு அதில் ஒரு சின்ன லாபம் உண்டு, உள்ளங்கால் தோலும் விரல்களும் ஓரளவு விழிப்பாக இருக்கும். ஆனால் 'ஸ்கூல் கிரவுண்டில் வெறுங்காலில் ஓடியவன்தானே நான்' என்ற தைரியம் வேண்டாம். அப்போது எடை 35 கிலோ. நடையில் கால் மீது இறங்குவது உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஓட்டத்தில் அது இரண்டு மடங்கைத் தாண்டும்.

இந்த நான்கு வாரமும் வழக்கமான ஓட்டம் பழைய ஷூவில் நடக்கட்டும். புது ஷூவைப் போட்டுக் கடைக்குப் போங்கள், ஆபீசுக்குப் போங்கள். முதல் வாரம் நாளுக்கு 2500 அடி, நான்காம் வாரத்தில் 6000, 7000. இதை ஒப்புக்குச் செய்யும் வேலையாக நினைக்காதீர்கள். மெல்லிய ஷூவில் 8 வாரம் வெறுமனே நடந்தவர்களின் பாதத் தசைகள், தனியாகப் பாதப் பயிற்சி செய்தவர்களுடையதைப் போலவே பலமடைந்ததாக 2019இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நடையோடு நிறுத்திக்கொண்டு, ஓட்டத்துக்குப் பழைய ஷூவையே வைத்திருந்தாலும் பாதி லாபம் கைக்கு வந்துவிடும்.

பயிற்சிகளில் மூன்று போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குதிகால் உயர்த்துதல், முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், பிறகு படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி. இதையே முழங்காலைக் கொஞ்சம் மடக்கியும் செய்யுங்கள், உள்ளே இருக்கும் ஆழ்தசைக்கு அப்போதுதான் வேலை. இரண்டாவது, விரல்களைச் சுருட்டாமல் முன்பாதத்தைக் குதிகால் பக்கம் இழுத்துப் பாத வளைவை உயர்த்தி 5 விநாடி நிறுத்துவது, 10 முறை. பல் தேய்க்கும்போது செய்துவிடலாம். மூன்றாவது, நான்காம் வாரத்தில் ஸ்கிப்பிங் கயிறு. 30 விநாடி குதி, 30 விநாடி நில், 5 சுற்று. மறுநாள் வலியில்லாமல் இது முடிந்தால் ஓடலாம்.

மூன்றாம் படி: 12 வாரம்

ஒரே விதியை மட்டும் மறக்காதீர்கள்: புது ஷூவில் ஓடும் தூரத்தைப் பழைய கணக்கிலிருந்து கழிக்க வேண்டும், அதன் மேல் கூட்டக் கூடாது.

அடுத்தடுத்த நாளில் வேண்டாம், இரண்டு நாள் இடைவெளி இருக்கட்டும். ஓட்டத்தின் தொடக்கத்திலேயே புது ஷூவில் ஓடிவிட்டு, பிறகு பழையதை மாட்டிக்கொண்டு மீதியை முடியுங்கள். களைத்த கால் தளர்ந்து விழும், அந்த நேரத்தில் மெல்லிய சோல் ஆகாது. வீட்டைச் சுற்றியோ பூங்காவிலோ சின்னச் சின்னச் சுற்றாக ஓடினால் மாற்று ஜோடியை ஓரிடத்தில் வைத்துவிடலாம்.

வாரம் 1, 2: வாரத்தில் இரண்டு நாள். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 5 முறை.
வாரம் 3: இரண்டு நாள். 2 நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, 4 முறை.
வாரம் 4: முதல் வார அளவுக்குத் திரும்புங்கள்.
வாரம் 5, 6: இரண்டு நாள், தொடர்ந்து 10 நிமிடம்.
வாரம் 7: இரண்டு நாள், 15 நிமிடம்.
வாரம் 8: மீண்டும் 10 நிமிடம்.
வாரம் 9, 10: ஒரு நாள் 20 நிமிடம், ஒரு நாள் 15.
வாரம் 11: ஒரு நாள் 25, ஒரு நாள் 15.
வாரம் 12: இரண்டு நாளும் 15.

நான்காவது, எட்டாவது வாரங்களில் கால் பிரமாதமாக இருக்கும், 'இதை எதற்குக் குறைக்க வேண்டும்' என்று தோன்றும். குறையுங்கள். எலும்பு பிடித்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

வாரம் 30 கி.மீ., கி.மீ.க்கு ஆறரை நிமிடம் என்று ஓடுபவருக்கு, பதினொன்றாம் வாரத்தின் 40 நிமிடம் சுமார் 6 கி.மீ. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மாதத்துக்கு இது குறைவாகத் தெரியலாம், இதுவே சரியான அளவு. இந்தக் காலம் முழுக்க மேடு, இறக்கம், இன்டர்வெல் (வேக ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி), ஞாயிறு நீண்ட ஓட்டம், போட்டி எல்லாம் பழைய ஷூவில்.

எப்படி ஓடுவது

நுனிக்காலில் ஓடாதீர்கள். வீடியோ பார்த்துவிட்டுக் குதிகால் தரையில் படவே கூடாது என்று பரதநாட்டியக்காரரைப் போல நுனியில் தாவுபவர்களுக்குத்தான் குதிநாண் முதலில் போகிறது. முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் படட்டும், உடனே குதிகாலும் தரையைத் தொட்டு எழட்டும். குதிகாலும் கூடவே பட்டாலும் குற்றமில்லை, எட்டிப்போட்ட காலில் குத்தி இறங்குவதுதான் தவறு.

இதற்குக் கால் வைப்பைப் பற்றி யோசிப்பதைவிட அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது எளிய வழி. நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 168க்குப் போகட்டும், 5 சதவீதம்தான். அடி சுருங்கும், கால் உடலுக்கு அடியிலேயே இறங்கும், முழங்காலுக்கும் சுமை குறையும். எல்லோரும் 180 வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இன்னொன்று, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய சோலில் 'பட் பட்' என்று சத்தம் வந்தால் பாதம் அறைகிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடினால் இந்த ஒரு குறிப்பே பாதி பயிற்சியாளர் வேலையைச் செய்துவிடும்.

எங்கே ஓடுவது

புல்தரை, மண்தரைதான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நம் ஊரில் புல்லுக்குள் நெருஞ்சி முள் இருக்கும், மண்பாதையில் சீமைக்கருவேல முள் கிடக்கும். 4 மி.மீ. சோலை அது சாதாரணமாகத் துளைத்துக்கொண்டு ஏறும். என் ஓட்டு பெருக்கிச் சுத்தமாக இருக்கும் கான்கிரீட் நடைபாதைக்கும் சிந்தெடிக் டிராக்குக்கும்தான். கெட்டித் தரையில் தப்பாக இறங்கினால் உடனே உறைக்கும், அதனால் கால் தானாக மெதுவாக இறங்கக் கற்றுக்கொள்ளும்.

பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ மணலில் ஓட ஆசை வரும். உதிரி மணலில் குதிகால் புதைவதால் குதிநாணுக்குச் சுமை கூடும், முதல் மூன்று மாதம் அந்தப் பக்கம் வேண்டாம். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக ஓடுவீர்கள். போன தூரமே திரும்பி வந்தாலும் சரிவு சரிவுதான்.

கோடையில் தார்ச் சாலையின் சூடு மெல்லிய சோலைத் தாண்டி உள்ளே வரும், விடிகாலையோடு முடித்துவிடுங்கள். மழை நாளில் தேங்கிய நீரில் கால் வைக்க வேண்டாம். உள்ளே கண்ணாடித் துண்டு கிடப்பது தெரியாது, பாதத்தில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக ஏறும்.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்

இரண்டு கெண்டைக்காலும் பரவலாக வலிக்கிறது, படி இறங்கும்போது தெரிகிறது, இரண்டு நாளில் அடங்குகிறது என்றால் அது தசை வலி. அடங்கிய பிறகு அடுத்த ஓட்டம்.

காலையில் குதிநாண் விறைத்திருக்கிறது, பத்து நிமிடம் நடந்தால் சரியாகிறது என்றால் அது எச்சரிக்கை. சூடானதும் வலி போய்விடுவதால் பலர் இதை மதிப்பதில்லை. இரண்டு வாரம் பின்னால் போய், அந்த அளவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். குதிகால் உயர்த்துதலை மட்டும் விடாதீர்கள்.

பாதத்தின் மேல்பக்கம், இரண்டாம் மூன்றாம் விரலுக்குப் பின்னால், விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீர் என்கிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடம் வலிக்கிறதா? அன்றே நிறுத்துங்கள். எலும்பு அழுத்தக் கீறலாக இருக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு: முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்ற சீட்டை வைத்துக்கொண்டு ஓடக் கிளம்பிவிடாதீர்கள். வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்

12 வாரம் முடிந்த பிறகு மூன்று வாரம் கூட்டு, ஒரு வாரம் குறை என்ற அதே தாளத்தில் தொடருங்கள். ஆறு மாதத்தில் வாரத் தூரத்தில் பாதியைத் தொட்டால் நல்ல வேகம். முழுக்க மாறியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். அந்தப் படத்தைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் தங்கம் வென்றதும் அவரேதான்.

என்னைக் கேட்டால், சின்ன ஓட்டங்களுக்கு மெல்லிய ஷூ, நீண்ட ஓட்டத்துக்கும் போட்டிக்கும் குஷன் உள்ளது என்று இரண்டு ஜோடி வைத்திருப்பதே பெரும்பாலானவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு.

பராமரிப்பு அதிகமில்லை. அமுங்கிப்போக ஃபோம் இல்லாததால் சாதாரண ஷூவைவிட இது நாள்பட உழைக்கும், சோல் தேய்ந்து ஓரிடம் மெலிந்தால் மாற்றினால் போதும். சாக்ஸ் இல்லாமல் போடுபவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்சோலை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் வீட்டிலிருப்பவர்கள் ஷூவை வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லிவிடுவார்கள்.